ரஜாய் வாங்குவதற்கு முன்னாடி மொட்டை மாடியைப் பாருங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் மாதவரத்தில் இருந்து தங்கை போன் பண்ணினாள். வீட்டில் புதிதாக ஏ.சி. போட்டிருக்கிறார்கள், ராத்திரியில் பிள்ளைகள் குளிருது குளிருது என்கிறார்கள், இருக்கிற போர்வை போதவில்லை. "அக்கா, கிங் சைஸ் கம்ஃபர்ட்டர் ஒண்ணு ஆஃபர்ல வந்திருக்கு, நல்லா மெத்து மெத்துன்னு இருக்கு, எடுத்துடட்டா?" என்றாள். நான் விலையும் கேட்கவில்லை, கலரும் கேட்கவில்லை. "அத எங்கடி காயவைப்ப?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அவள் வீட்டு பால்கனியில் கட்டியிருக்கிற கொடி நாலு அடிதான் இருக்கும். மாடிக்குப் போகிற கதவுக்கு ஹவுஸ் ஓனர் பூட்டுப் போட்டு வைத்திருக்கிறார். அப்புறம் அரை மணி நேரம் அவளிடம் பேசினேன். பேசி முடித்து வைத்த பிறகும் சொல்லாமல் விட்டது நிறைய இருக்கிறதே என்று தோன்றியது, அதனால்தான் இங்கே எழுதுகிறேன். பன்னிரண்டு வருடமாக வடசென்னையிலேயே மூன்று வீடு மாறி, நாலு ரஜாயை, அதாவது உள்ளே அடைப்பு வைத்துத் தைத்த போர்வையை, வைத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது இது. நம்ம ஊரில் ஒரு ரஜாய் எவ்வளவு மெத்தென்று இருக்கிறது என்று பார்ப்பதைவிட, அதை வீட்டிலேயே துவைத்து ஒரே பகலில் காயவைக்க முடியுமா என்று பார்ப்பதுதான் முக்கியம். மற்றதெல்லாம் அப்புறம்.

முதலில் நமக்கு என்ன குளிர் என்று யோசியுங்கள். மார்கழி, தை மாதத்திலும் சென்னையில் ராத்திரி வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும், அதற்குக் கீழே அதிகம் இறங்காது. குளிர் குறைவு, ஆனால் ஈரம் அதிகம். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடலுக்குக் கிட்ட இருப்பவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். சாயங்காலம் எடுக்க மறந்து கொடியில் விட்ட துணி விடியற்காலையில் சில்லென்று கையில் ஒட்டும், ஜன்னல் கம்பி இரண்டு வருடத்தில் துருப்பிடித்து உதிரும். அந்தக் காற்றுதான் நம் ரஜாய்க்குள்ளேயும் போய் உட்கார்கிறது.

ஆக, நமக்கு ரஜாய் தேவைப்படுவது ஏ.சி. அறையில் படுக்க, ஐப்பசி கார்த்திகை மழை ராத்திரிகளுக்கு, அப்புறம் யாருக்காவது ஜுரம் வந்தால் போர்த்திவிட. அவ்வளவுதான். ஏ.சி.யை 18ல் வைத்துவிட்டு, குளிருக்குக் கனமான ரஜாயைப் போர்த்திக்கொள்கிற பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது, அது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. 2020 ஜனவரியில் இருந்து ஸ்டார் ரேட்டிங் போட்டு விற்கிற வீட்டு ஏ.சி.க்கள் ஆன் செய்தவுடன் 24 டிகிரியில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று விதியே வந்துவிட்டது. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் கரண்ட் மிச்சமாகும் என்று மத்திய அரசின் மின்சிக்கன அமைப்பான பி.இ.இ. சொல்கிறது. 25, 26ல் வைத்து, ஃபேனையும் ஒன்றில் ஓடவிட்டுப் பாருங்கள், கனமான ரஜாய் தேவையே இருக்காது.

ரஜாய் தானாகச் சூட்டை உண்டாக்குவதில்லை. பஞ்சுக்கு நடுவே அசையாமல் நிற்கிற காற்று நம் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. பஞ்சு ஈரம் குடித்து அமுங்கிவிட்டால் அந்தக் காற்றுக்கு இடம் போய்விடும், எடை மட்டும் மிஞ்சும். வெயிலில் போட்டு எடுத்த ரஜாய் பொம்மென்று உப்பி, போர்த்தினால் கதகதவென்று இருப்பதற்குக் காரணம் உள்ளே இருந்த ஈரம் போய்க் காற்று திரும்ப வந்து உட்கார்ந்ததுதான்.

சரி, கடைக்குப் போவோம். கடையில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெயர் சொல்வார்கள், குழம்ப வேண்டாம். மைக்ரோஃபைபர் அடைத்து மிஷினில் தைத்தது கம்ஃபர்ட்டர். மைக்ரோஃபைபர் என்றால் பாலியஸ்டர்தான், வேறொன்றும் இல்லை. எடை குறைவு, சீக்கிரம் காயும், ஆனால் வியர்வையைக் குடிக்காது, கரண்ட் போய் ஏ.சி. நின்ற அரை மணியில் உள்ளே புழுங்கித் தள்ளும். பருத்திப் பஞ்சு அடைத்தது ரஜாய். ஜெய்ப்பூர் பக்கம் கால் கிலோ பஞ்சிலேயே ரஜாய் தைப்பார்கள், அவ்வளவு லேசாக இருக்கும். உள்ளே பஞ்சே இல்லாமல் மல்மல் என்கிற மெல்லிய பருத்தித் துணியை இரண்டு மூன்று அடுக்காகச் சேர்த்துத் தைத்தது தோஹர். தெருவில் தோளில் சுமந்துகொண்டு வந்து விற்பார்களே, புலி படம், ரோஜாப்பூ படம் போட்ட கனமான மிங்க் போர்வை, அதில் நிறைய ஹரியானாவில் பானிபட்டில் இருந்து வருவது. வடக்கே டிசம்பர் குளிருக்கு அது தேவை. நமக்கு வேண்டாம்.

பெரும்பாலான வீடுகளுக்கு நான் தோஹரைத்தான் சொல்வேன். ஏ.சி. இல்லாத வீடாக இருந்தால் வேறு எதையும் பார்க்கவே வேண்டாம். ஏ.சி.யில் ரொம்பக் குளிர்கிறது என்பவர்கள் மட்டும் லேசான பருத்தி ரஜாய்க்குப் போகலாம். சௌகார்பேட்டையில் தங்கசாலைத் தெரு பக்கம் ராஜஸ்தான்காரர்கள் கடைகளில் கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். வாங்கும்போது அவசரப்படாதீர்கள். ரஜாயை விரித்து ட்யூப் லைட்டுக்கு எதிரே தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். பஞ்சு ஒரே சீராகப் பரவியிருந்தால் வெளிச்சம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மங்கலாகத் தெரியும். இங்கே ஒரு கருப்புத் திட்டு, அங்கே ஒரு வெள்ளை ஓட்டை என்று தெரிந்தால் வேண்டாம், இரண்டு மாதத்தில் அந்தத் திட்டு கட்டியாகிவிடும். அப்புறம் தையலைப் பாருங்கள். ஒரு தையல் வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் நடுவில் நாலு விரல் அகலத்துக்கு மேல் போனால் பஞ்சு நகரும். தையல் நெருக்கமாக இருக்க இருக்க ரஜாய்க்கு ஆயுசு கெட்டி. கடைசியாக ஒரு மூலையை இரண்டு விரலால் பிடித்து உள்துணியையும் வெளித்துணியையும் லேசாக எதிரெதிராக இழுத்துப் பாருங்கள். பஞ்சு தனியாக வழுக்கிக்கொண்டு போனால் உள்ளே தையல் பிடிக்கவில்லை என்று அர்த்தம். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, பணம் நம்முடையது.

ஆன்லைனில் வாங்குபவர்கள் ஜி.எஸ்.எம். என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு சதுர மீட்டருக்கு உள்ளே எத்தனை கிராம் அடைத்திருக்கிறார்கள் என்ற கணக்கு அது. தங்கை பார்த்தது 90க்கு 100 அங்குலம், 200 ஜி.எஸ்.எம். பரப்பளவு கிட்டத்தட்ட 5.8 சதுர மீட்டர், அப்படியென்றால் உள்ளே அடைப்பு மட்டும் ஒரு கிலோ நூற்றறுபது கிராம். வெளித்துணியின் எடை தனி. நனைந்தால் இது எத்தனை மடங்கு கனக்கும் என்று நினைத்துப் பாருங்கள், பக்கெட்டில் இருந்து தூக்கவே இரண்டு பேர் வேண்டும். அதுவே 60க்கு 90 அங்குல சிங்கிள், 120 ஜி.எஸ்.எம். என்றால் அடைப்பு 420 கிராம்கூட வராது. இரட்டைக் கட்டிலுக்கு ஒரு பெரிய ரஜாய் வாங்குவதற்குப் பதிலாக இரண்டு சிங்கிள் வாங்குங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். துவைப்பது சுலபம், காய்வது சுலபம், ராத்திரி இழுபறியும் இல்லை. வெளிநாட்டில் இருந்து சொந்தக்காரர்கள் கொண்டுவந்து கொடுப்பதில் டாக் என்று ஒரு எண் இருக்கும், இங்கிலாந்துக்காரர்களின் சூட்டு அளவு. 4.5 டாக் என்றால் கோடைக்கு, 13.5 என்றால் கடுங்குளிருக்கு. அவர்களுடைய கோடைதான் அது, நம்முடையது இல்லை. 4.5க்கு மேல் ஒன்று கையில் வந்தால் ஊட்டியிலோ பெங்களூரிலோ இருக்கிற யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

இப்போது அந்த வெள்ளத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் எண்ணத்தை மாற்றியது அதுதான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நாங்கள் வியாசர்பாடியில் தரைத்தளத்தில் குடியிருந்தோம். மூன்றாம் தேதி ராத்திரி ஆரம்பித்த மழை நாலாம் தேதி முழுக்க விடவில்லை. வாசல்படி தாண்டித் தண்ணீர் உள்ளே வந்தபோது அரிசி மூட்டை, பிள்ளையின் புத்தகங்கள், ரேஷன் கார்டு, சிலிண்டர் என்று கைக்கு வந்ததை எல்லாம் மேலே ஏற்றினோம். படுக்கை ஞாபகமே வரவில்லை. கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டி மிதந்து சாய்ந்து திறந்துகொண்டது. அதில் மூன்று இருந்தன. மாமியார் எங்கள் கல்யாணத்துக்கு வாங்கிக் கொடுத்த கனமான பஞ்சு ரஜாய், நான் ஆசைப்பட்டு வாங்கிய மைக்ரோஃபைபர் கம்ஃபர்ட்டர், என் ஆயா, அதாவது பாட்டி, கையால் தைத்த புடவைப் போர்வை.

வந்தது மழைத் தண்ணீர் மட்டும் என்றால் பரவாயில்லை. சாக்கடையும் சேர்ந்துதான் வந்தது, எங்கள் பக்கம் இருந்தவர்களுக்குத் தெரியும். வடிந்த பிறகு பஞ்சு ரஜாயை நானும் வீட்டுக்காரரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினோம், படிக்கட்டு வரைகூடக் கொண்டுபோக முடியவில்லை. அங்கேயே போட்டு மிதித்து மிதித்துப் பிழிந்தோம், டீத்தண்ணி நிறத்தில் வந்துகொண்டே இருந்தது. மாடிச் சுவரில் மூன்று நாள் கிடந்தது. வெயில் இல்லை. நாலாவது நாள் பிளேடால் ஒரு தையலை அறுத்து உள்ளே கை விட்டேன். மேல்துணி காய்ந்திருந்தது, உள்ளே பஞ்சு பழுப்பாகக் களிமண் மாதிரி கட்டியாக இருந்தது, வாடை முகத்தில் அடித்தது. மாமியார் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "விட்டுடும்மா, அது போச்சு" என்றார். அவர் வாங்கிக் கொடுத்தது, அவர் வாயால் சொல்ல வேண்டியிருந்தது.

கம்ஃபர்ட்டர் மேலே ஒரு நாளில் காய்ந்துவிட்டது. ஆனால் பக்கத்தில் மூக்கை வைத்தால் அதே வாடை. எங்கள் மிஷின் ஆறரைக் கிலோ, அதில் அது நுழையவே இல்லை. ஒரு லாண்டரிக்குக் கொடுத்தேன். சூடாக டிரையரில் போட்டார்களோ என்னவோ, திரும்பி வந்தபோது உள்ளே இருந்த அடைப்பு எல்லாம் எலுமிச்சம்பழம் அளவுக்கு உருண்டை உருண்டையாக மூலைக்கு மூலை ஒதுங்கியிருந்தது, நடுவில் வெறும் துணி. அதுவும் போயிற்று.

ஆயாவின் போர்வையை என்ன செய்தோம் என்றால், பெரிய அலுமினிய அண்டாவில் தண்ணீரைக் கொதிக்கவைத்து சோப்புத்தூள் போட்டு ஊறவைத்தோம், இரண்டு தடவை. கல்லில் அடித்துத் துவைத்து நாலு அலசு அலசினோம். வெறும் நாலு அடுக்குத் துணிதானே, உள்ளே அழுக்கு ஒளிந்துகொள்ள இடமே இல்லை. வெயில் வந்த முதல் நாளே மதியத்துக்குள் காய்ந்தது. இன்றைக்கும் என் பெண் அதைத்தான் போர்த்திக்கொண்டு தூங்குகிறாள்.

அந்தப் போர்வையைப் பற்றி இரண்டு வரி சொல்ல வேண்டும். ஆயா பிறந்து வளர்ந்தது திருவொற்றியூர் காலாடிப்பேட்டையில். 1717ல் இருந்து 1720 வரை மெட்ராஸ் கவர்னராக இருந்த ஜோசப் காலட் நெசவாளர்களைக் குடியேற்றிய ஊர் அது, காலட்பேட்டைதான் வாயில் புரண்டு காலாடிப்பேட்டை ஆயிற்று. கிழக்கிந்தியக் கம்பெனி துணிகளை வெளுத்தவர்கள் இருந்த ஊர் வண்ணாரப்பேட்டை. துணியை நெய்யவும் வெளுக்கவும் தெரிந்த மண் இது. ஆயா நெசவு பார்த்தவர் இல்லை, ஆனால் துணியை வீணாக்க மாட்டார். நைந்துபோன நூல் புடவைகளை வெட்டி, முந்தானைப் பக்கம் மேலே வருகிற மாதிரி அடுக்கி, அடியில் நைனாவின் பழைய கைலியை வைத்து, அரிசி அளவுக்குச் சின்னச் சின்னதாக ஊசியை முன்னும் பின்னும் ஓட்டித் தைத்திருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு கையால் தடவினாலே எந்தப் பக்கம் புடவை, எந்தப் பக்கம் கைலி என்று தெரியும். புடவைப் பக்கம் பிள்ளையின் கன்னம் மாதிரி இருக்கும். கைலிப் பக்கம் கொஞ்சம் முறுக்கு. ஒரு மூலையில் மட்டும் வெள்ளை நூல் தீர்ந்துபோய் ஊதா நூலில் தைத்திருக்கிறார்.

துவைப்பதைப் பற்றிச் சொல்கிறேன். பஞ்சு அடைத்த ரஜாயை அடிக்கடி துவைக்கவே கூடாது, அதற்கு உறை போட வேண்டும். பாரிமுனை கோடவுன் தெருவுக்குப் போய் மல்மலோ காட்டனோ மீட்டர் கணக்கில் வாங்கி, தெரு முனை டெய்லரிடம் கொடுத்தால் தலையணை உறை மாதிரி பெரிதாகத் தைத்துக் கொடுப்பார். தைப்பதற்கு முன் துணியை ஒரு முறை நனைத்துக் காயவைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் துவைப்பிலேயே சுருங்கி ரஜாய் உள்ளே நுழையாது. நாலு மூலையிலும் உள்பக்கம் ஒரு நாடா வைக்கச் சொல்லுங்கள், ரஜாயின் மூலையை அதில் கட்டிவிட்டால் உறைக்குள் சுருண்டுகொள்ளாது. உறையை வாரம் ஒரு முறையோ பத்து நாளுக்கு ஒரு முறையோ துவைத்துப் போட்டால், உள்ளே இருக்கிற ரஜாய்க்கு வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ துவைப்பு போதும்.

தண்ணீர் எங்களுக்குப் பெரிய விஷயம். போர் தண்ணீர் உப்பு, சோப்பு நுரைக்காது, துணி விறைத்துப்போகும், சில வீடுகளில் இரும்புக் கறை வெள்ளைத் துணியில் மஞ்சளாக இறங்கும். மீஞ்சூர் அருகே கடல்நீரில் இருந்து ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுப்பதற்காகக் கட்டிய நிலையம் 2010ல் வந்ததில் இருந்து எங்கள் பக்கம் மெட்ரோ வாட்டர் முன்னைக்கு இப்போது பரவாயில்லை. அந்தத் தண்ணீர் நன்றாக வருகிற நாளாகப் பார்த்து ரஜாயை ஊறவையுங்கள். கடைசி அலசலாவது நல்ல தண்ணீரில் இருக்கட்டும். சோப்புத்தூள் வழக்கமாகப் போடுவதில் பாதி போதும், உள்ளே தங்கிவிட்ட சோப்புதான் ரஜாயை முரடாக்கி உடம்பில் அரிப்பு கொடுக்கிறது. கம்ஃபர்ட் மாதிரி வாசனைத் திரவம் வேண்டாம், அது துணி ஈரம் குடிப்பதைக் குறைக்கும். சாயம் போகிற துணியா என்று முதலில் ஈர வெள்ளைத் துணியால் ஓரத்தைத் தேய்த்துப் பாருங்கள். கல் உப்பு போட்டால் சாயம் நின்றுவிடும் என்பார்கள். கடையில் வாங்கிய துணிக்கு அது அவ்வளவாக உதவுவதில்லை, தனியாகத் துவைப்பதுதான் வழி. மிஷினில் போடுவதாக இருந்தால் ரஜாய் உள்ளே போன பிறகும் டிரம்மில் மூன்றில் ஒரு பங்கு காலியாக இருக்க வேண்டும், அடைத்துத் திணித்தால் அழுக்கும் போகாது, மிஷினும் கெட்டுவிடும்.

காயவைப்பதில் நான் ரொம்பக் கறார். இப்போது நாங்கள் தண்டையார்பேட்டையில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம், மேலே மொட்டை மாடி நாலு குடும்பத்துக்கும் பொது. கோடையில் கீழ் வீட்டு அக்கா வடாம் போடுகிற நாளில் நான் ரஜாயைப் போட மாட்டேன், நான் போடுகிற நாளை அவரிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன். காலை ஒன்பதரைக்கு முன்னால் மாடிக்குக் கொண்டுபோகாதீர்கள், தரையிலும் சுவரிலும் இருக்கிற பனி ஈரம் முதலில் போகட்டும். ஒரே கொடியில் மடித்துப் போட்டால் மடிப்பில் ஈரம் நின்றுவிடும், அதனால் இரண்டு கொடியில் கூடாரம் மாதிரி விரித்துப் போடுங்கள், நடுவில் காற்று ஓடும். மூலையில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் ஈரக் கனத்தில் தையல் விட்டுவிடும். ஆலைகள் இருக்கிற மணலி, எண்ணூர் பக்கம் இருந்து காற்று அடிக்கிற நாட்களில் எங்கள் மாடிச் சுவரைத் தடவினால் விரலில் கருப்பாக ஒட்டும். அந்த நாட்களில் மேலே ஒரு பழைய வேஷ்டியை விரித்துவிடுவேன், காக்கா, புறா எச்சத்துக்கும் அதுவே காப்பு. ஒரு மணிக்குத் திருப்பிப் போட வேண்டும். மூன்றரை மணிக்கு மேல் ஒரு நிமிஷம் வைக்கக்கூடாது. வெயில் இருக்கிறதே, இன்னும் கொஞ்சம் காயட்டும் என்று விட்டால், கடல் காற்று அது வரைக்கும் காய்ந்ததை எல்லாம் திரும்ப ஈரமாக்கிவிடும். எடுத்தவுடன் மடித்து உள்ளே வைக்காதீர்கள், சூடு ஆறட்டும், ஃபேனுக்குக் கீழே அரை மணி நேரம் கிடக்கட்டும்.

என் பெண்ணுக்கு வீசிங் இருக்கிறது. குழந்தை டாக்டர் முதலில் கேட்டதே படுக்கை, தலையணை, போர்வை பற்றித்தான். கண்ணுக்குத் தெரியாத டஸ்ட் மைட் பூச்சிகள் நம் உடம்பில் இருந்து உதிர்கிற தோல் துகளைத் தின்று மெத்தையிலும் ரஜாயிலும் வாழ்கின்றன. காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் பெருகும், சென்னையைவிட அதற்கு நல்ல ஊர் ஏது? அந்தப் பூச்சியின் எச்சம் மூக்கில் ஏறும்போதுதான் பல பிள்ளைகளுக்கு இழுப்பு வருகிறது. வெயிலில் போட்டால் ஈரம் குறைந்து பூச்சி குறையும், ஆனால் ஏற்கெனவே இருக்கிற எச்சம் துணியிலேயே இருக்கும், அது துவைத்தால்தான் போகும். 60 டிகிரி சூட்டுத் தண்ணீரில் துவைத்தால் பூச்சியும் சாகும். பஞ்சு ரஜாயை அந்தச் சூட்டில் போட்டு எடுத்து, ஒரே பகலில் காயவைக்க நம்மால் ஆகாது. தோஹரையும் புடவைப் போர்வையையும் உறையையும் போடலாம். பெண் தூங்குகிற அறையில் நான் பஞ்சு ரஜாய் வைப்பதை விட்டதற்கு இதுதான் காரணம், இரண்டு வருடமாக ராத்திரி இருமல் நன்றாகக் குறைந்திருக்கிறது. வீசிங் உள்ள பிள்ளை இருக்கிற அறையில் ரஜாயைத் தட்டாதீர்கள், மாடியில் தட்டுங்கள், மூக்கில் துணி கட்டிக்கொண்டு. இன்னொன்று, ஒரு வயது நிறையாத குழந்தைக்கு ரஜாயே கூடாது, முகத்தில் விழுந்தால் அதால் தள்ளத் தெரியாது. முழுக்கை சட்டை போட்டுவிட்டு ஏ.சி. குளிரைக் குறைத்தால் போதும்.

எடுத்து வைப்பது பற்றிப் பெரிதாக ஒன்றும் இல்லை. பிளாஸ்டிக் கவரில் கட்டிப் பரண்மேல் போடாதீர்கள், உள்ளே கொஞ்சம் ஈரம் இருந்தாலும் பூஞ்சை பிடித்துக் கருப்புப் புள்ளி விழும், அது போகவே போகாது. பழைய வேஷ்டியிலோ நூல் புடவையிலோ சுற்றி, நன்றாகக் காய்ந்த வேப்பிலையும் இரண்டு துண்டு வசம்பும் போட்டு, சுவரை ஒட்டாமல் வையுங்கள். பாச்சை உருண்டை வேண்டாம். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் கட்டாயம் வேண்டாம், சில குழந்தைகளுக்கு அதன் நெடி ஏறிய துணியால் ரத்த அணுக்கள் உடைந்து மஞ்சள்காமாலை வரைக்கும் போகும். புரட்டாசி வெயில் இருக்கும்போதே, ஆயுத பூஜைக்கு முன்னால், ஒரு முறை எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் காயவைத்துவிடுங்கள். மழை ஆரம்பித்துவிட்டால் மார்கழி வரை வாய்ப்பு கிடைக்காது.

பழசை என்ன செய்வது என்று கேட்டால், தயவுசெய்து போகியில் கொளுத்தாதீர்கள். பருத்தி எரிவது வேறு, பாலியஸ்டர் கம்ஃபர்ட்டர் உருகி எரிவது வேறு. போகி விடியற்காலையில் எங்கள் தெருவில் எதிர் வீடு தெரியாது, அன்றைக்கு என் பெண்ணை ஜன்னலைச் சாத்தி உள்ளேயே வைத்திருப்பேன். போகிக்கு முன்னால் மாநகராட்சியே பழைய துணி, டயர் எல்லாம் வாங்கிக்கொள்கிறது, அங்கே கொடுத்துவிடுங்கள். நல்ல நிலையில் இருந்தால் தெரு நாய்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்குக் கொடுங்கள், மழைக்காலத்தில் கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

தங்கை கடைசியில் அந்தக் கிங் சைஸை வாங்கவில்லை. ஹவுஸ் ஓனரிடம் மாடிச் சாவி வாரத்தில் ஒரு நாள் வேண்டும் என்று பேசியிருக்கிறாள், பிள்ளைகளுக்கு இரண்டு சிங்கிள் தோஹர் எடுத்திருக்கிறாள். பெரியவள் மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்தபோது ஆயாவின் போர்வையைப் பார்த்துவிட்டு எனக்கும் அதே மாதிரி வேண்டும் பெரியம்மா என்று பிடிவாதம் பிடிக்கிறாள். அடிப்பக்கத்துக்கு வீட்டுக்காரரின் கைலி இருக்கிறது. அம்மா பெட்டியைக் கிளறி இரண்டு நூல் புடவை எடுத்து வைத்திருக்கிறார், ஒன்று மயில்கழுத்து நிறம், இன்னொன்று முந்தானையில் கிழிந்த அரக்கு. சிந்தெடிக் கலக்காத இன்னும் ஒரு புடவை கிடைத்தால் சனிக்கிழமையே அளவெடுத்து வெட்ட ஆரம்பித்துவிடலாம்.